உதட்டை மட்டும் அசை

அன்புள்ள ஐயா,

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். நாலாம் வகுப்பிலிருந்தே பள்ளியின் இறைவணக்கக் குழுவில் பாடிக்கொண்டிருந்தான். ஆண்டுவிழா ஒத்திகையில் பாட்டு டீச்சர், "உன் குரல் தனியா கேக்குது, நீ உதட்டை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டில்கூட அவன் முணுமுணுப்பதில்லை. "நிஜமாவே திறமை இருந்தா யார் சொன்னாலும் நிக்காது" என்கிறார் என் கணவர். பாட்டு டீச்சரின் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பலமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

எனக்கும் ஏழாம் வகுப்பில் இதே வாக்கியம் கிடைத்தது. அதற்கப்புறம் நான் குளியலறையில்கூடப் பாடியதில்லை. எனக்குக் குரல் இருந்திருக்காது, அது வேறு கதை.

உங்கள் பையன் விஷயம் அப்படியல்ல. எட்டாம் வகுப்பு என்பது குரல் உடைகிற வயது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்போது பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள தூரம், கீழே இறங்கிவிடும். பாட்டு டீச்சர்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள் (கட்டை என்பது சுருதியின் உயரம்). போன வருஷம்வரை அவனுக்கு அது எட்டியிருக்கும். இப்போது அதைப் பிடிக்கப் போனால் பிசிறத்தான் செய்யும். சுருதிப் பெட்டியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, அவனைத் தனியாக ஒருமுறை பாடவிட்டிருந்தால் போதும்.

டீச்சரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. வருஷம் பூராவும் பாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். ஆண்டுவிழா வரும்போதுதான் பாட்டு டீச்சர் ஞாபகம் எல்லோருக்கும் வரும்.

சரி, உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் 1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் குதூகலத்தில் தெருவில் துப்பாக்கியால் சுட்டான். பிடித்துக்கொண்டுபோய்க் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் போட்டார்கள். அவன்தான் பின்னாளில் ஜாஸ் இசையில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங். இல்லத்தின் இசை ஆசிரியர் பீட்டர் டேவிஸுக்கு முதலில் அவனைக் கண்டாலே ஆகாது. அவன் வந்த பேட்டை மோசம், அவனும் அப்படித்தான் இருப்பான் என்பது அவர் கணிப்பு. அடியும் விழுந்திருக்கிறது. பிறகு ஒருநாள் அவரே வந்து, பாண்டு குழுவில் சேர்கிறாயா என்று கேட்டார். கொடுத்தது டாம்பரின், நம் கஞ்சிராவுக்குச் சொந்தம். அடுத்து டிரம். அதன்பின் ஊதுகிற வாத்தியங்கள்: ஆல்டோ ஹார்ன், பியூகிள், கடைசியில்தான் டிரம்பெட் போன்ற கார்னெட். அப்புறம் குழுவுக்கே தலைவனாக்கினார்.

அந்தப் பையன் அதற்கு முன்பே தெருவில் நண்பர்களோடு பாடிக் காசு வாங்கியவன். ஆகவே டேவிஸ்தான் அவனுக்கு இசையைக் கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கணவர் பாதி சரி. ஆனால் அங்கே டேவிஸ் 'உனக்கு இது வராது, ஓரமாக நில்' என்று விட்டிருந்தால் கார்னெட் யார் கையில் இருந்திருக்கும்? அவர் வாய் நிறையப் பாராட்டினாரா என்பதைவிட, ஒன்று கைக்கு வந்ததும் அடுத்ததைக் கொடுத்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பேர் வாங்கியபின் 1931-இல் ஊர் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், அந்த இல்லத்துக்குப் போய் டேவிஸைப் பார்த்தார்.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குழுவில் தாளம் போட ஓர் ஆள் வேண்டுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். குரல் நிலைக்க ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோ ஆகலாம். அதுவரை அவன் கையில் ஒரு ஜால்ரா இருக்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், காலப்பிரமாணம், அதாவது வேகம் மாறாமல் பாடுவது, பிடிபட அதைவிடச் சுலபமான வாத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.