கெட்டிமேளம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில் அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தினோம். வீடியோவில் படம் நல்ல தெளிவு. அப்பச்சி பேசியதுதான், கம்ப்யூட்டரில் சத்தத்தை முழுக்க வைத்தாலும் காதில் விழவில்லை. சத்தம் கூட்டும் சாஃப்ட்வேரை வருடச் சந்தாவில் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வாங்க வேண்டாம் ஆச்சி. முதலில் வீடியோ எடுத்தவருக்கு இன்றே போன் போடுங்கள். காலர் மைக்கிலோ மைக்செட்டிலிருந்தோ தனியாக ஒலி பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அதைவிட நல்ல தீர்வு கிடையாது. அடுத்த விசேஷத்துக்காக மெமரி கார்டை அழித்துவிட்டால் போனது போனதுதான்.

இல்லையென்றால், அதே கம்ப்யூட்டரில் வேறொரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சத்தம் குறைவு என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். உங்கள் வீடியோ மட்டும் என்றால், விஎல்சி பிளேயரில் 125 சதவீதம் வரை ஏற்றிக் கேட்கலாம். ஆனால் ஃபைல் மாறாது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பினால் அங்கேயும் அதே முணுமுணுப்புதான்.

ஃபைலிலேயே மாற்ற அவிடெமக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் இருக்கிறது, இலவசம். ஒரு நகலை அதில் திறந்து, வீடியோவுக்கு 'காப்பி' என்றே விடுங்கள். படத்தின் தரம் துளியும் குறையாது. ஆடியோவுக்கு ஏஏசி என்ற ஒலி வடிவத்தைத் தேர்ந்து, ஃபில்டரில் கெயினை, அதாவது ஒலியை ஏற்றும் அளவை, 6 டெசிபெல் கூட்டுங்கள். ஒலி அலையின் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். போதாவிட்டால் 10. கரகரத்தால் குறையுங்கள்.

உங்கள் வீடியோவில் ஒரு சிக்கல் வரும். கெட்டிமேளம் ஏற்கெனவே உச்சத்தில் பதிந்திருக்கும். தானாகச் சரிசெய்யும் கெயின் அந்த உச்சத்தைப் பார்த்து நின்றுவிடும், பேச்சு ஏறாது. கையால் ஏற்றினால் மேளச் சத்தம் கரகரத்துக் கிழியும். அதனால் ஒலியை மட்டும் பிரித்து, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்துகொள்ளுங்கள்; அதுவும் இலவசம். பேச்சுப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, சத்தத்தை ஏற்றும் 'ஆம்ப்ளிஃபை' கொடுங்கள். திருத்திய ஒலியை அவிடெமக்ஸில் படத்தோடு சேர்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் எந்த சாஃப்ட்வேரும் முழுதாக மீட்காது. ஆத்தங்குடித் தரையிலும் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரிலும் குரல் முட்டி எதிரொலிக்கும். கேமரா எட்ட நின்று தன் மைக்கிலேயே பதிந்திருந்தால், சத்தத்தை ஏற்றும்போது எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். பேசுபவரின் சட்டையில் காலர் மைக் குத்தியிருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் செய்தே தீர வேண்டிய வேலை அது.

பேச்சு ஒரேயடியாக வீணாகியிருந்தால் வீடியோ எடுத்தவரிடம் நஷ்டஈட்டை எழுத்தில் கேளுங்கள். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்திருங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.