'~' குறியை விரிப்பது யார்? வாசகர் கேள்வி-பதில்

சம்மாந்துறை வாசகர்: நெல் ஆலைக் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு செய்நிரல் எழுதினேன். '~/நெல்/பெரும்போகம்' என்ற கோப்பு டெர்மினலில், கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் 'கேட்' கட்டளைக்குத் திறக்கிறது. செய்நிரலிலோ அப்படியொரு கோப்பே இல்லை என்று பிழை வருகிறது. ஏன்?

'~' குறியை ஹோம் கோப்புறையின், அதாவது பயனரின் சொந்தக் கோப்புறையின், முழுப் பாதையாக மாற்றுவது பணிசெயல் முறைமை அன்று. தட்டும் கட்டளைகளை வாசித்து இயக்கும் பேஷ் போன்ற ஷெல்லே அதைச் செய்கிறது. டெர்மினலில் நீங்கள் தட்டியதை ஷெல் முதலில் விரித்துவிட்டுத்தான் 'கேட்' கட்டளையிடம் ஒப்படைக்கிறது. உங்கள் செய்நிரலுக்கும் கோப்புக்கும் இடையில் ஷெல் இல்லாததால், லினக்ஸ் நடப்புக் கோப்புறைக்குள் '~' என்றே பெயர்கொண்ட ஒரு கோப்புறையைத் தேடுகிறது. ஆகவே பாதையை 'ஓஎஸ்.பாத்.எக்ஸ்பாண்ட்யூசர்' ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அது திருப்பித் தருவதையே 'ஓப்பன்' ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் செய்நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதுவோர் 'ஓஎஸ்.ஹோம்டிர்' தரும் பாதையுடன் மீதியைத் தாமே இணைக்க வேண்டும்.

காத்தான்குடி வாசகர்: 'ரிப்ளேஸ்' கொண்டு '~' குறியை மாற்றிவிட்டால் போதாதா?

போதாது. ஈமாக்ஸ் போன்ற எடிட்டர்கள் பழைய பிரதியைக் 'கணக்கு~' என்று இறுதியில் அக்குறியிட்டுச் சேமிப்பதுண்டு, அப்பெயர் சிதைந்துபோகும். தவிர, '~' குறியை அடுத்து ஒரு பயனர் பெயர் வந்தால், அது அந்தப் பயனரின் ஹோம் கோப்புறையைக் குறிக்கும். இவ்வளவையும் கவனிக்கும் ஃபங்ஷன் கையில் இருக்கையில் குறுக்குவழி எதற்கு?

வாழைச்சேனை வாசகர்: இதற்கு ஏன் இந்தக் குறி?

1970களில் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி டெர்மினல் சாதனத்தின் விசைப்பலகையில் '~', 'ஹோம்' இரண்டும் ஒரே விசையில் இருந்தன.

கல்முனை வாசகர்: பேஷில் '--கோப்பு ~/நெல்' சரியாக ஓடுகிறது, '--கோப்பு=~/நெல்' ஓடவில்லையே?

சொல்லின் தொடக்கத்தில் மேற்கோள் குறியின்றி நிற்கும் '~' குறியையே பேஷ் விரிக்கும். மாறிக்கு மதிப்பு இடும் 'பெயர்=மதிப்பு' வடிவம் அதற்கு விலக்கு, ஆனால் இரு கோடுகளோடு தொடங்கும் உங்கள் சொல் அவ்வடிவத்தில் சேராது. பயனர் எப்படித் தட்டுவார் என்று நாம் கட்டுப்படுத்த இயலாது. எனவே உள்ளே வரும் பாதையைச் செய்நிரலின் வாசலிலேயே ஒருமுறை விரித்துவிடுவதே என் பரிந்துரை.

ஏறாவூர் வாசகர்: பிழையான செய்நிரலால் '~' என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகிவிட்டது. எப்படி நீக்குவது?

'ஆர்எம் -ஆர் ~' என்று ஒருபோதும் தட்டாதீர்கள். உங்கள் ஹோம் கோப்புறை முழுவதும் அழியத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு 'ஆர்எம்டிர் ./~' என்று கொடுங்கள். காலியாக இல்லாத கோப்புறையை அக்கட்டளை நீக்க மறுத்துவிடும்.