ஆர்பிஎம் கூட்டினால் அலாரம் அடிக்கிறது: பழைய பாய்மரப் படகின் எஞ்சின் ஏன் சூடாகிறது?

கேள்வி: 1987-இல் கட்டிய 34 அடிப் பாய்மரப் படகை சென்ற ஆண்டு வாங்கி மலேசியாவின் லங்காவியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எஞ்சின், யான்மார் 3ஜிஎம்30எஃப். 1800 ஆர்பிஎம்மில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. 2600-ஐத் தாண்டினால் பத்தே நிமிடத்தில் வெப்ப அலாரம் அடிக்கிறது. எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறது, கூடவே ஆவியும் வருகிறது. தெர்மோஸ்டாட்டையும் கூலன்ட்டையும் மாற்றிவிட்டேன். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஆசிட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் எஞ்சினுக்குக் கடல்நீர் போதுமான அளவு வருகிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. அதை அளக்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். அளக்காமல் ஒவ்வொரு உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், அலாரம் நிற்காது.

எஞ்சின் பெயரின் கடைசியில் வரும் ‘எஃப்’ முக்கியமானது. உள்ளே கூலன்ட் சுற்றுகிறது, அதைக் கடல்நீர் குளிர்விக்கிறது என்று அதற்குப் பொருள். ஆகவே உங்களிடம் இருப்பவை இரண்டு தனிப் பாதைகள். கூலன்ட் தன் பம்பால் பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் சுற்றி, தன் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வந்து திரும்புகிறது. கடல்நீர் படகின் அடியிலுள்ள வால்விலிருந்து வடிகட்டி, இம்பெல்லர் (ரப்பர் இதழ்ச் சக்கரம்) சுழலும் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்கள், எக்ஸாஸ்ட் எல்போ என்னும் வளைகுழாய் என்று போய்ப் புகையோடு கலந்து வெளியேறுகிறது. அலாரம் அளப்பது கூலன்ட்டின் சூட்டை. குறை இருப்பதோ பெரும்பாலும் கடல்நீர்ப் பாதையில்தான்.

குறைந்த வேகத்தில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு. எஞ்சின் 12 கிலோவாட் வெப்பத்தைக் கடல்நீரில் இறக்க வேண்டும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் அந்த நீரின் சூடு சுமார் 9 டிகிரி ஏறும். 8 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 22 டிகிரிக்கு மேல் ஏறும். லங்காவிக் கடலின் சூடே 29, 30 டிகிரி செல்சியஸ். ஐரோப்பாவின் 15 டிகிரிக் கடலில் இதே எஞ்சின் இதே அடைப்போடு பல பருவங்கள் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். வெப்பமண்டலக் கடலில் அந்தச் சலுகை கிடையாது. மெதுவாக ஓட்டும்போது வெப்பம் குறைவு என்பதால் எட்டு லிட்டரே போதுமானதாக இருக்கிறது.

முதலில் வாளி

படகைக் கட்டிய நிலையிலேயே கியரை நியூட்ரலில் வைத்து 1500 ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட் வாயில் வாளியைப் பிடித்து 30 விநாடி நீரைச் சேர்த்து அளந்து எழுதுங்கள். தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டும் என்பதால் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. பிறகு 2500-இல் அதையே செய்யுங்கள். பம்ப் பெல்ட்டால் ஓடுவது, ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு நீர் என்று தள்ளுவது. ஆகவே 1500-க்கும் 2500-க்கும் இடையே நீரும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் கூட வேண்டும். கூடவில்லை, கொஞ்சம்தான் கூடியது என்றால் எங்கோ அடைப்பு, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது, அல்லது பெல்ட் வழுக்குகிறது.

இரண்டாவது அளவுக்கு ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வேண்டும். படகை உறுதியான கயிறுகளால் கட்டி, கியர் போட்டு எஞ்சினுக்குச் சுமை கொடுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் கடல்நீர் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி பொய் சொல்லும். ரப்பர் ஹோஸின் மீதோ, ஒட்டிய கறுப்பு டேப்பின் மீதோ மட்டும் பிடியுங்கள்.

இதை நம்பித்தான் ஆசிட் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். வெளியே வரும் நீர் மிகச் சூடாக, 20 டிகிரிக்கு மேல் வித்தியாசத்தோடு வந்தால் குழாய்கள் வெப்பத்தை நன்றாகவே கடத்துகின்றன, நீர்தான் போதவில்லை. மாறாக, வாளியில் நிறைய நீர் விழுகிறது, வெளியே வரும் ஹோஸ் இளஞ்சூடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கூலன்ட் கொதிக்கிறது என்றால் குழாய்களின் உள்ளே சுண்ணாம்புப் படிவு போர்வைபோல் மூடியிருக்கிறது. ஆசிட் உதவுவது இந்த இரண்டாவது நிலையில்தான். ஆவி வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் நிலையாகவே தோன்றுகிறது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கடலில் கியர் போட்டு முழு விசை கொடுத்தால் இந்த எஞ்சின் 3400 முதல் 3600 வரை போக வேண்டும். 2900-இலேயே நின்று கறும்புகை கக்கினால் புரொப்பெல்லரில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிரி) பிடித்திருக்கும், அல்லது எக்ஸாஸ்ட் அடைத்திருக்கும். லங்காவி போன்ற இடங்களில் ஓடாமல் நிற்கும் படகில் சில வாரங்களே போதும், புரொப்பெல்லர் சொரசொரவென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட படகில் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகம் உழைக்கிறது, அதிகம் சூடாகிறது. மூழ்கிச் சுரண்டுவதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்த படகுகள் உண்டு.

உறிஞ்சும் பக்கம்

வேகம் கூட்டினால் மட்டும் நீர் போதவில்லை என்றால் பம்புக்கு முன்னால் உள்ள பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். படகின் அடிவால்வை மூடி, அதன் ஹோஸைக் கழற்றி, கையில் ஒரு மர ஆப்பைத் தயாராக வைத்துக்கொண்டு வால்வை இரண்டு விநாடி திறங்கள். ஹோஸின் பருமனுக்கே தண்ணீர் பீறிட்டு எழ வேண்டும். நூல்போல் வந்தால் உள்ளே கொட்டலசு வளர்ந்திருக்கிறது. மரக்குச்சியால் குத்தித் தள்ளலாம். வெளியே உலோகச் சல்லடை பொருத்தியிருந்தால் உள்ளிருந்து குத்திப் பயனில்லை. ஆண்டுக்கு ஆண்டு அதன் மேலேயே பெயின்ட் அடித்து ஓட்டைகள் பாதியாகச் சுருங்கியிருக்கும், படகைக் கரையேற்றும்போது ஒவ்வொரு ஓட்டையையும் துளையிட்டுத் திறக்க வேண்டும்.

வடிகட்டியின் கூடையைக் கழுவுவதை எல்லோரும் செய்வார்கள். மூடியின் ஓ-ரிங்கைப் பார்ப்பவர்கள் குறைவு. அது காய்ந்து வெடித்திருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது கண்ணாடி மூடிக்குள் குமிழிகள் ஓடுவது தெரிந்தால் காரணம் அதுதான்.

பழைய ஹோஸ் இன்னும் ஏமாற்றும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளடுக்கு மட்டும் பிரிந்து தொங்கும். மெதுவாக உறிஞ்சும்போது வழிவிடும், வேகமாக உறிஞ்சும்போது மடிந்து அடைக்கும். உங்கள் அறிகுறியோடு அப்படியே பொருந்துகிறது! 2500-இல் ஓடும்போது ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். தட்டையாகிறதா, வளைவில் அமுங்குகிறதா என்று தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பிச்சுருள் உள்ள ஹோஸ்தான் போட வேண்டும்.

பம்ப்

இந்த எஞ்சினில் பம்ப் பொருத்திய நிலையில் இருக்கும்போது அதன் மூடியைக் கழற்ற இடம் போதாது. போராடுவதைவிட, பெல்ட்டைத் தளர்த்தி பம்பையே கழற்றி மேசை மேல் வைத்து வேலை பார்ப்பது வேகம். இம்பெல்லரின் இதழ்களை அடிவரை வளைத்துப் பாருங்கள். வேரில் கீறல் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அதிகம் ஓடாத படகில் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும், ஆகவே மணிக்கணக்கைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொருத்தும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவலாம். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும், வேண்டாம்.

பழைய இம்பெல்லரில் ஒரு இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டு கிடைக்கும்வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலிலும் முதல் வளைவிலும் தேடுங்கள். முந்தைய உரிமையாளர் காலத்துத் துண்டுகளும் அங்கே சேர்ந்து கிடக்கலாம்.

புது இம்பெல்லர் போட்டும் நீர் கூடவில்லையா? மூடித் தகட்டின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். வட்டப் பள்ளம் தட்டுப்பட்டால் இதழின் ஓரமாக நீர் திரும்பிக் கசிகிறது. கண்ணாடி மேல் நீர் உப்புத்தாளை விரித்துத் தகட்டைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். தகட்டைத் திருப்பிப் போடுவதும் ஒரு ஆண்டுக்குத் தாங்கும். கேஸ்கெட் தாளைக் கையால் வெட்டிப் போடுகிறவர்கள் தடித்த தாளைப் போட்டுவிடுகிறார்கள். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியே பம்பின் உறிஞ்சலைக் கெடுத்துவிடும். பம்பின் கழுத்தில் உள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். துளையை அடைத்தால் உப்புநீர் பேரிங்குக்குள் போய்ச் சேரும்.

எக்ஸாஸ்ட் எல்போ

பழைய யான்மார்களில் எங்கள் சந்தேகம் எப்போதும் வந்து நிற்கும் இடம் இது. வார்ப்பிரும்பால் ஆனது, சூடான புகையும் உப்புநீரும் சந்திக்கும் முனை. கரியும் துருவும் சேர்ந்து நீர் நுழையும் வாய் பென்சில் அளவுக்குச் சுருங்கிவிடும். சோதிக்க, எல்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு, 1500-இல் 20 விநாடி மட்டும் ஓட்டுங்கள். எக்ஸாஸ்டில் குளிர்நீர் இல்லாமல் அதற்கு மேல் ஓட்டினால் ரப்பர்க் குழாய் வெந்துவிடும். முன்பு அளந்தது 30 விநாடிக்கு என்பதால் இரண்டையும் நிமிடக் கணக்காக்கி ஒப்பிடுங்கள், இப்போது தெளிவாக அதிக நீர் விழுந்தால் அடைப்பு எல்போவில்தான்.

கழற்றியதும் சுத்தியால் மெதுவாகத் தட்டிக் கரியை உதிர்த்து, கூர்க்கம்பியால் சுவரைக் குத்திப் பாருங்கள். மெலிந்திருந்தால் சுத்தம் செய்வதில் நேரம் போக்காமல் புதிது வாங்குங்கள். உட்சுவர் ஓட்டையானால் நீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும், எஞ்சினே போய்விடும். இதே ஆபத்து இன்னொரு வழியிலும் வருகிறது. எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் ஓட்டினால் பம்ப் தள்ளும் நீரை வெளியேற்றப் புகையின் அழுத்தம் இருக்காது. மஃப்ளர் நிரம்பி நீர் பின்னோக்கி ஏறும். அப்படி நேர்ந்தால் அடிவால்வை மூடிவிட்டு முயலுங்கள், எஞ்சின் பிடித்த கணமே திறங்கள். எஞ்சின் நின்ற பின் கடல்நீர் தானாக உள்ளே உறிஞ்சப்படாமல் தடுக்க நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஆன்டி-சைஃபன் வால்வு உப்பு பிடித்து இறுகினாலும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஆசிட்

அளவுகள் இங்கே சுட்டினால் மட்டும் இந்த வேலைக்கு வாருங்கள். எஞ்சின் ஆறிய பின் கூலன்ட்டை வடித்து, மூடிகளைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயையும் பாருங்கள். பெரும்பாலும் அடைத்திருப்பவை இம்பெல்லர்த் துண்டும், மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபட்டுக் கரைய வைத்த துத்தநாகக் கட்டையின் உதிர்ந்த துணுக்கும்தான். மரக்குச்சியோ பிளாஸ்டிக் கம்பியோ போதும், இரும்புக் கம்பி மெல்லிய குழாயைக் கீறிவிடும். வெள்ளைப் படிவு இருந்தால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, குழாய்க்கட்டைத் தனியே எடுத்து ஊறவையுங்கள். நுரைப்பது நின்றதும் எடுத்து, சமையல் சோடா கரைத்த நீரிலும் பிறகு நல்ல நீரிலும் அலசுங்கள். கடைகளில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேகமாகச் சுத்தம் செய்யும், ஆனால் அலுமினிய உறையையும் சாலிடர் இணைப்பையும் தின்றுவிடும்.

துத்தநாகக் கட்டை பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஓராண்டு ஆகியும் கரையாமல் புதிதுபோல் இருந்தால் மகிழ வேண்டாம், அது உலோகத்தைத் தொடவில்லை என்றுதான் பொருள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் மாற்றிய தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரிக்குரியது என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது 71-இல் திறக்கத் தொடங்கி 85-இல் முழுதும் திறப்பது. ‘எஃப்’ இல்லாத, கடல்நீரே நேரடியாகப் பிளாக்கில் ஓடும் எஞ்சினுக்கானது 42-இல் திறக்கும். அந்த எஞ்சினில் 71-ஐப் போட்டால் சூடேறிய கடல்நீரின் உப்புகள் பிளாக்குக்குள்ளேயே படிந்துவிடும், கடையில் கேட்டு வாங்கும்போது கவனம். கூலன்ட்டைப் புதிதாக ஊற்றியிருக்கிறீர்கள், உள்ளே காற்று தங்கியிருக்கலாம். எஞ்சின் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து மட்டம் இறங்கியிருந்தால் நிரப்புங்கள், இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகும் தொடர்ந்து இறங்கினால் வேறு கசிவு இருக்கிறது. உறைபனி இல்லாத கடல் என்று வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் உள்ள துரு தடுப்பான் உங்களுக்கும் வேண்டும். காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உங்கள் படகுக்கு நாங்கள் சொல்லும் வரிசை: வாளி, வெப்பமானி, அடிவால்வும் உறிஞ்சும் ஹோஸும், பம்பின் மூடித் தகடு, எல்போ. எல்லாம் சரியான பின் வாளியை மீண்டும் பிடித்து அளந்து, 1500-க்கும் 2500-க்கும் எத்தனை லிட்டர் என்று எஞ்சின் அறையின் கதவில் அழியாத மையால் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை அலாரம் அடித்தால் ஒப்பிட அந்த எண்கள் இருக்கும்.