ஏ.ஐ. சீட்டுக்கு நகையை அடகு வைக்காதீர்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் டிரைவர். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண், வேதியியல் சுமார். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. சார்ஜாவில் இருக்கும் கொழுந்தனார், கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.), தரவு அறிவியல் படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் பேசி வைத்திருக்கிறார். கட்டணமும் விடுதியுமாக ஆண்டுக்கு இரண்டரை லட்சம். முன்பணத்தை இந்த வாரமே கட்டவேண்டுமாம். மகளோ விடுமுறை நாளெல்லாம் தாய்மாமனின் கடையில், படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகியவற்றைப் பழுது பார்ப்பதை வேடிக்கை பார்த்தபடி கிடக்கிறாள். ‘தொழில்நுட்பத் துறையில் முன்னுக்கு வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இந்தப் படிப்பு அதைக் கொடுக்குமா?’ என்று கேட்கிறார்.

பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாள், பயப்பட எதுவும் இல்லை சகோதரி. ஆறுதல் இவ்வளவு போதும். இனி கணக்கைப் பார்ப்போம்.

நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம். அதுவும் வட்டி சேர்க்காமல். உங்கள் வீட்டு வருமானம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நின்றுபோகும். மீதி மாதங்களிலும் காற்று, புயல் எச்சரிக்கை, எல்லை தாண்டியதாகச் சிறைபிடிப்பு என்று ஏதாவது ஒன்று படகைக் கரையில் நிறுத்தும். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிகள் முன்பணம் கேட்பதும் சரியாக அந்தத் தடைக்காலத்தில்தான். கையில் காசு இல்லாத மாதத்தில் அவசரப்படுத்தினால் நகை அடகுக் கடைக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? இன்னொன்றையும் கொழுந்தனார் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசின் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே அது போய்விடும். உரிமையாக வரும் பணத்தை உதறிவிட்டுக் கடன் வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

செயற்கை நுண்ணறிவு பொய்யான துறை என்று நான் சொல்லவில்லை. அதன் அடித்தளம் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், நிரல் எழுதுதல் (புரோகிராமிங்) ஆகியவை. இவற்றைச் சொல்லித்தரத் தகுந்த ஆசிரியர் இல்லாத இடத்தில் படிப்பின் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வாள்? அந்தக் கல்லூரியில் இந்தப் பாடங்களை நடத்துபவர் யார், எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், கடந்த ஆண்டு வேலை கிடைத்தவர்களின் நியமனக் கடிதங்களைக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் ஒருவரைத் தூக்கி நிறுத்துவது பழுது எங்கே என்று தேடிப் பிடிக்கும் பொறுமைதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் தம்பி கடைக்கு ஓர் எக்கோ சவுண்டர் வருகிறது, திரையில் ஆழம் தாறுமாறாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி அனுப்பும் ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. தரையில் பட்டுத் திரும்ப 20 மில்லி நொடி ஆனால், போக வர 30 மீட்டர். ஆழம் 15 மீட்டர், ஆறடியை ஒரு பாகம் என்று எண்ணும் படகுக்காரர் கணக்கில் ஏறக்குறைய எட்டுப் பாகம். இது தெரிந்தவள் திரையைப் பார்த்ததும் எண் நம்பத்தக்கதா என்று சொல்லிவிடுவாள். பிறகு மின்சாரம் சரியாக வருகிறதா, கேபிள் அறுந்திருக்கிறதா, இணைப்பு முனையில் உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகக் கழிப்பாள். மென்பொருள் நிறுவனத்தில் அமர்ந்து நிரலில் பிழை தேடுபவரும் இதையேதான் செய்கிறார்.

அடுத்தது, கருவியோடு நிரலைப் பேசவைப்பது. படகு ஜி.பி.எஸ். கருவிகள் பலவும் என்.எம்.இ.ஏ. 0183 என்ற முறையில் தங்கள் இருப்பிடத்தை எழுத்து வரிகளாக வெளியே அனுப்புகின்றன. ஒரு கேபிளும் பழைய மடிக்கணினியும் இருந்தால் பைத்தான் என்ற கணினி மொழியில் சிறிய நிரல் எழுதி அந்த வரிகளைப் படிக்கலாம். அதில் பாம்பனின் அட்சரேகை 0916.8 என்று வரும். புதிதாகப் படிப்பவர்கள் இதை 9.168 பாகை என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 9 பாகை 16.8 நிமிடம். 16.8-ஐ 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 9.28. இரண்டுக்கும் இடையே கடலில் சுமார் 12 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தின் அருகே நிற்கும் படகை மன்னார் வளைகுடாவின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும் இந்த ஒரு தவறு. தரவை அது வந்த வடிவத்தில் நம்பாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. தரவு அறிவியல் என்று பத்து லட்சத்துக்கு விற்கிறார்களே, அதன் முதல் பாடம் இது.

ஆங்கிலத்தைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். மேடையில் பேசும் ஆங்கிலம் இப்போதைக்கு வேண்டாம். ஓர் உதிரிபாகத்தின் தரவுத்தாளைப் படித்து எத்தனை வோல்ட் தாங்கும், எந்த முனை எதற்கு என்று புரிந்துகொள்ளும் ஆங்கிலம் வேண்டும். கூடவே, என்ன பழுது, என்ன சோதித்தேன், எதை மாற்றினேன் என்று நான்கு வரி எழுதத் தெரியவேண்டும். இன்றிலிருந்தே அவளை ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலைவிட அந்த நோட்டு அதிகம் பேசும். லினக்ஸ் இயங்குதளம், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) எல்லாம் இணையத்தில் காசில்லாமல் கற்கலாம், அதற்காக யாரும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டவேண்டாம்.

இவ்வளவையும் முறையாகக் கற்க என்ன வழி? மருத்துவம், கலை அறிவியல், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, நான் விட்டுவிடுகிறேன். யாரும் வாயெடுக்காத ஒன்றைச் சொல்கிறேன்: அரசுப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் டிப்ளமோ.

‘நன்றாகப் படித்த பிள்ளை டிப்ளமோவா’ என்று உறவினர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் டிப்ளமோ கையில் இருக்கும். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மதுரையில் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது, அங்கே இந்தப் பிரிவில் இரண்டாம் ஆண்டு இடம் எத்தனை, விடுதி எப்படி என்று நேரில் போய்க் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். டிப்ளமோவுக்கும் அது உண்டு. மின்சுற்று, டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், மைக்ரோ கன்ட்ரோலர், சி மொழி, தகவல் தொடர்பு என்று பாடங்கள் இருக்கும். சாலிடரிங் இரும்பைப் பிடித்துப் பழகிய கைக்கு ஆய்வகம் அந்நியமாக இராது.

முடித்த பிறகு இரண்டு கதவுகள். ஒன்று, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. அப்படிப் போனால் மொத்தம் ஐந்து ஆண்டு. கொழுந்தனார் சொல்லும் வழியைவிட ஓராண்டு கூடுதல். மற்றொன்று, உதவித்தொகையோடு ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சி, பிறகு வேலை. ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோ போதும். இஸ்ரோவில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பு டிப்ளமோ கேட்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கும் காலம் இது. தினமும் நீங்கள் பார்க்கும் பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தைக் கப்பல் வந்தால் ஆட்கள் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி மின் இயந்திரங்களால் 17 மீட்டர் உயரம் எழுகிறது. அந்தக் கட்டுப்பாட்டு அமைப்புகளை உப்புக்காற்றில் வைத்துக் காப்பாற்ற எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆட்கள் வேண்டும். கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கும் வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோவோடு நிறுத்தினால் தொடக்கச் சம்பளம் குறைவு. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவும் பட்டம் இல்லாமல் உள்ளே விடாது. அவள் அந்தப் பக்கம் போக விரும்பினால் பி.இ. படித்தே ஆகவேண்டும். ஆனால் அந்த முடிவை இருபது வயதில், கையில் ஒரு தொழிலோடு, நகை வீட்டில் இருக்க, அவளே எடுக்கலாம்.

பெண் பிள்ளை ஸ்க்ரூ டிரைவரோடு படகில் ஏறுவதா என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கரைக்கு வரும் கருவியைக் கடையில் அமர்ந்து பழுது பார்க்கிறாள், அதில் யாருக்கு என்ன குறை? அதையும் மீறிச் சொல்கிறேன்: அவளுக்குப் பிடித்திருக்கிறது. இதில் பேரம் பேச நான் தயாரில்லை. பிடிக்காத படிப்பில் தள்ளிவிட்டு நான்கு ஆண்டு கழித்து அரியர் தாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.

கொழுந்தனாரிடம் நன்றி சொல்லுங்கள், முன்பணம் கட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உதவ விரும்பினால் ஒரு மல்டிமீட்டரும் செகண்ட் ஹேண்ட் மடிக்கணினியும் வாங்கி அனுப்பட்டும். நாளைக் காலை இ-சேவை மையத்துக்குப் போய்ச் சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றுகளுக்கும் விண்ணப்பியுங்கள். பாலிடெக்னிக் விண்ணப்பத்தோடு பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்து வையுங்கள்; அரசுக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தால் அதையும் அவள் பரிசீலிக்கலாம். இடத்தை உறுதி செய்து தருகிறோம் என்று எந்தக் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்தாலும் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் அசலாகக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.