கொட்டகையில் நிற்கும் 1949 மோரிஸ் மைனரை ஒரிஜினல் கெடாமல் ஓட வைக்க முடியுமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டுக் கார் கொட்டகையில் தாத்தா வாங்கிய 1949 மோரிஸ் மைனர் நாற்பது வருடமாக நிற்கிறது. ஒரிஜினல் கெடாமல் அதை ரெஸ்டோர் செய்ய முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

முடியும். ஆனால் முதல் ஆறு மாதம் ஸ்பேனரைத் தொடாதீர்கள். எங்கள் வீட்டு மைனருக்கு நேர்ந்த கெடுதலில் பாதி, அது கொட்டகையில் சும்மா நின்ற முப்பத்தெட்டு வருடத்தில் நேர்ந்ததில்லை. நான் ஆசை ஆசையாக வேலையை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் நேர்ந்தது.

எங்களுக்குக் கானாடுகாத்தான் பக்கம். ஐயா, அதாவது அப்பச்சியைப் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) பெற்றவர், மலேயாக் கணக்கை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகு மெட்ராஸில் வாங்கிய வண்டி. கல்யாணம், படைப்பு, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று முப்பது வருடம் உழைத்தது. ஐயா போன பிறகு வண்டி யாருக்கு என்று பங்காளிகளுக்குள் முடிவாகவில்லை. வீட்டில் ஐந்து புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பங்கு, வண்டியிலும் ஐந்து பங்கு. ஒருத்தர் விற்க விடவில்லை, இன்னொருத்தர் ஓட்ட விடவில்லை. அந்தச் சண்டைதான் வண்டியைக் காப்பாற்றியது. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் எண்பதுகளிலேயே வேறு இன்ஜின் ஏறியிருக்கும்.

உங்கள் வண்டி 1949 என்றால் ஹெட்லைட் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்பக்க கிரில்லுக்குள்ளேயே தாழ்வாக இரண்டு பக்கமும் இருந்தால், அது ஆரம்பகால மைனர். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது அந்த உருவம்தான். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து வருடம் கழித்து மினி காரைக் கொடுத்தவரும் அவரே. கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு இதைப் பார்த்துவிட்டு, முட்டையை உடைத்து ஊற்றினாற்போல் இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். விளக்கு இவ்வளவு தாழ்வாக இருக்கக்கூடாது என்ற அமெரிக்க விதிக்காகப் பிறகு அதை மட்கார்டுக்கு மேலே ஏற்றினார்கள். மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் மைனர்கள் வந்தன. தாழ்ந்த விளக்கு வண்டி அதில் முதல் சில வருடத்து உருப்படிகள் மட்டுமே. இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதையே 'பேபி இந்துஸ்தான்' என்று இங்கே பூட்டி விற்றது. அதனால் பானெட்டுக்குள் இருக்கும் தகட்டையும் படித்து வையுங்கள்.

இப்போது என் பம்பர் கதை. வண்டி வெளியே வருவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், இது ஒல்லியாகத் தெரிகிறது என்று இசிகோனிஸ் மாதிரி வண்டியை நெடுக்கில் இரண்டாக அறுத்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நாலு அங்குலம் அகலப்படுத்தினார். பானெட் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நாலு அங்குலம்தான். ஆனால் பழைய அகலத்துக்கு பம்பர்கள் ஏற்கெனவே தயாராகியிருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்துப் பூட்டி அனுப்பினார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. பம்பர் இரண்டையும் கழற்றி வெளியூரில் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்தேன். பட்டறைக்காரர் போன் செய்தார்: "சார், நடுவுல அடிபட்டு ஒட்டுப் போட்டிருக்காங்க. வெல்டு வச்சு ராவி ஒரே பீசா ஆக்கித் தரேன்." சந்தோஷமாகச் சரி என்றேன். நாலு நாள் கழித்து ஏதோ பழைய படத்தைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஓடினேன். முன் பம்பர் தப்பியது. பின் பம்பர் கண்ணாடி மாதிரி வழவழவென்று உட்கார்ந்திருந்தது. அவர் மேல் தப்பே இல்லை, நல்ல வேலைக்காரர். வருகிறவர்கள் எல்லாம் பின் பம்பரைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிப்பதில்லை.

ஆகவே அந்த ஆறு மாதம் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த ஓட்டையில் இருந்தது, ஒயர் எந்த வழியாகப் போனது, எந்த நட்டுக்கு அடியில் வாஷர் இருந்தது எல்லாம் படமாக வேண்டும். கழற்றியதைப் பிஸ்கட் டின்னில் போட்டுச் சீட்டு எழுதுங்கள். நட்டுகளுக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் தேடி வாங்குங்கள். கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கி எழுபது வருட நட்டு ஒரே நாளில் போய்விடும். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் வெயில் படாத இடத்தில் பழைய பெயிண்ட் அப்படியே இருக்கும். எங்கள் வண்டி மேலே வானநீலம், அதற்குக் கீழே சந்தன நிறம், அடியில் கரும்பச்சை. அந்தப் பச்சைதான் பிறந்த நிறம்.

ஒரிஜினல் என்பதைப் புதுசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம்ம ஊரிலேயே பார்க்கிறோமே. ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போடுகிறார்கள், பர்மாத் தேக்குத் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள், கேட்டால் வீட்டைப் புதுப்பித்தோம் என்கிறார்கள். பழைய வண்டிக்காரர்களின் உலக அமைப்பான ஃபிவா, டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றது. பழைய கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. எனக்குப் புரிந்தவரை அதன் சாரம்: இருப்பதைக் காப்பாற்று, செய்யும் மாற்றம் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். நான் எல்லா முடிவையும் இந்த ஒரே கேள்வியில் நிறுத்தினேன். நாளைக்கு என் பேரன் இதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்ட முடியுமா? முடியும் என்றால் செய்தேன்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஐயா டேஷ்போர்டில் பித்தளையில் ஒரு விபூதிச் சிமிழ் பூட்டியிருந்தார், இரண்டு ஸ்க்ரூ போட்டு. கம்பெனி கொடுத்ததில்லை. எடுத்தால் ஓட்டை தெரியும், விட்டால் சுத்தவாதிகள் சிரிப்பார்கள். விட்டுவிட்டேன். அப்பத்தா திருவிழாவுக்குப் போகும்போது அதிலிருந்துதான் எல்லார் நெற்றியிலும் பூசிவிடுவார்கள். வானநீலத்தை மட்டும் எடுத்தேன். அது ஐயா காலத்துக்குப் பிறகு எவரோ அடித்தது, அடியில் பட்டியைக் குழைத்து அப்பியிருந்தார்கள்.

இன்ஜினுக்கு வருகிறேன். 918 சிசி, சைடு வால்வு, 27.5 குதிரைசக்தி. இசிகோனிஸ் முதலில் நினைத்தது படுக்கைவாட்டில் நாலு சிலிண்டர் இன்ஜின். அது கைகூடவில்லை, பழைய 'மோரிஸ் எய்ட்' காரின் இன்ஜினை வைத்துவிட்டார்கள். அதனால் பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஏகப்பட்ட இடம் சும்மா கிடக்கும். அந்த இடத்தைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கை ஊறும். "மாருதி ஆம்னி இன்ஜின் போட்டுறலாம் சார், சும்மா பறக்கும்" என்று மூன்று பேர் சொன்னார்கள். டிராக்டரில் கட்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று எங்கள் பெரியப்பச்சி சொன்னார்.

காரைக்குடியில் மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார், எழுபது வயது தாண்டியவர். அவர்தான் தடுத்தார். "இழுக்கப்படாது தம்பி. பிஸ்டன் பிடிச்சிருக்கும், ரிங்கு தூளாப் போயிரும்." பிளக்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார். தினமும் ஒரு தடவை ஹேண்டிலைப் போட்டு லேசாக அசைத்துப் பார்ப்பார், வலுக்கட்டாயம் கிடையாது. பத்தொன்பதாம் நாள் கால் அங்குலம் நகர்ந்தது. "நகர்ந்திருச்சு, டீ சொல்லுங்க" என்றார். சைடு வால்வில் வால்வெல்லாம் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் என்பது வெறும் மூடி மாதிரி. அதைத் தூக்கியதும் ஒட்டிக்கொண்டிருந்த வால்வுகளைக் கண்ணால் பார்த்து விடுவிக்க முடிந்தது.

இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறியது கீழே வழியாகத் திரும்பும். நம்ம ஊர் மே மாத வெயிலில் இது கொதிக்காதா என்று எல்லாரும் கேட்பார்கள், எலக்ட்ரிக் ஃபேன் வைக்கச் சொல்வார்கள். கொதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே படிந்த உப்புதான். போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருப்பார்கள். எங்கள் பிளாக்கின் தண்ணீர் வழியிலிருந்து கிண்டி எடுத்த சுண்ணாம்புச் சேறு ஒரு சொம்பு இருந்தது. ஐயா இருந்தவரை வண்டிக்கு மழைத்தண்ணீர்தான், வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) கூரை வழியாக விழுவதை அண்டாவில் பிடித்து வைத்திருப்பார்கள் என்று அப்பச்சி சொல்லியிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன். உப்பில்லாத தண்ணீர், எவ்வளவு சரியான வேலை! இப்போது நானும் மழைத்தண்ணீர்தான் பிடிக்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்கக் கூலன்ட் மட்டும் அளவாகச் சேர்க்கிறேன். ஃபேன் வைக்கவில்லை. குன்றக்குடி போய் வருவதற்குள் கொதித்ததில்லை.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய எலக்ட்ரீஷியன் கை பழக்கத்தில் நெகடிவை பாடியில் கொடுத்துவிடுவார். எங்களுக்குக் கொடுத்தார். இன்ஜின் ஓடி டைனமோ கரண்ட் எடுக்க ஆரம்பித்ததும் கட்அவுட்டின் (டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கும் ஸ்விட்ச்) பாயின்ட் கருகிவிட்டது. பேட்டரி மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

துரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம், கடற்கரை ஊர் இல்லை. ஆனால் ஓடு ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தரை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் இவைதான் அரிக்கும். அந்தப் பெட்டியை அறுக்கும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைக்காவிட்டால் பாடி தொய்ந்து, பிறகு கதவு சாத்தவே சாத்தாது. ஆசிட்டில் முக்கி எடுக்கலாம் என்பார்கள், வேண்டாம். காரைக்குடி சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் பக்கத்து வீடு. அரிமானம் பற்றி ஆராய்கிற இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்தது, அதற்கு அடிக்கல் நாட்டியதும் இந்த மாடல் பிறந்த 1948-ல்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது: இரண்டு தகடு ஒட்டுகிற இடுக்கில் ஆசிட் போனால் கழுவி எடுக்க முடியாது, உள்ளேயே இருந்து தின்னும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் தகட்டை உப்பித் தள்ளும். நாங்கள் கையால் சுரண்டி, போனதை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்தோம்.

பிரேக்கிலும் முன்சக்கரத்திலும் பழசு பார்க்கவே கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனின் மரை தேய்ந்தால் சக்கரம் ஒருநாள் அப்படியே மடிந்து படுத்துவிடும். மைனருக்கே உள்ள வியாதி இது. புதுசு போட்டேன். டிரைவர் காலுக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கிப் போடாமல், உள்ளே கடைந்து ஸ்லீவ் போட்டேன். பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் கரைந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

கதவுத் தூணிலிருந்து நீட்டும் திசைக் கை (அந்தக் கால இண்டிகேட்டர்) ஒன்று காணாமல் போயிருந்தது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அலைந்து ஒன்று பிடித்தேன். அரை அங்குலம் நீளம், வேறு வண்டியுடையது. தூணைக் கொஞ்சம் ராவினால் உட்கார்ந்துவிடும் என்றார்கள், அரம் கைக்கு வந்துவிட்டது. பாய் வாங்கி வைத்துக்கொண்டார். சரியானது இங்கிலாந்திலிருந்து வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை ஓட்டையில் ஒரு கறுப்பு டேப்.

காகிதம்: பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். பதிவு உயிரோடு இருந்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் புதுப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக்கூடாது என்பது அதில் நிபந்தனை. ஆம்னி இன்ஜின் போட்டிருந்தால் அங்கேயே அடிபட்டிருப்பேன். அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க மட்டும். தாத்தா பெயரில் இருக்கிற வண்டி என்றால் வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். எங்களுக்கு ஐந்து புள்ளியும் கையெழுத்துப் போட ஆன காலம், இன்ஜின் வேலைக்கு ஆனதைவிட அதிகம்.

இப்போதைக்குத் துணியை விலக்கி ஒரே ஒரு காரியம் பாருங்கள். பின் பம்பர் நடுவில் நாலு அங்குலத்துக்கு ஒரு துண்டு தனியாகத் தெரிகிறதா? தெரிந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே கமெண்டில் போடுங்கள். அந்தத் துண்டு எப்படிப் பூட்டியிருக்கிறது என்று அளவெடுத்து, என்னுடையதைத் திரும்ப அறுக்க வேண்டும்.