மண் தோண்டுகிற படிப்பு

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் கிராமம். வரலாறும் தொல்லியலும் இளங்கலை, கடைசி வருடம். கீழடிச் செய்திகளைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்த படிப்பு. அப்பா விவசாயி. “மண்ணைத் தோண்டறதுக்கு மூணு வருசப் படிப்பா?” என்கிறார். பி.எட். சேரச் சொல்கிறார். அடுத்து என்ன படிக்கலாம்? வேலை கிடைக்குமா? அறிவியல் படிக்காதது குறையா?

ச.

அன்புள்ள ச.,

அப்பா சொல்வதில் பாதி சரி. ஆனால் தோண்டுவது நாம் அல்ல, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். நான் முதலில் வேலை பார்த்த அகழாய்வுக் குழியில் ஒரு அம்மா இருந்தார். கொத்து இறங்கும் சத்தத்தை வைத்தே “மண்ணு மாறுது தம்பி” என்பார். குனிந்து பார்த்தால் சாம்பல் படிந்த பழைய தரை எட்டிப் பார்க்கும். அது எந்த ஆழத்தில், எந்த மூலையில், என்னென்ன ஓடுகளோடு கிடந்தது என்று அளந்து, வரைந்து, எழுதி வைப்பதுதான் நம் வேலை. இடம் குறிக்காத பானை ஓடு வெறும் ஓடுதான். இந்தக் கைப்பழக்கம் வகுப்பறையில் வராது. இளங்கலையோடு நின்றால் வேலை கிடைப்பது கஷ்டம்.

சரி, அடுத்த படிப்பு. தமிழ்நாட்டிலேயே இருக்க நினைத்தால் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் உங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. கல்வெட்டியலும் தொல்லியலும் அங்கே தனித்துறை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் முதுகலை உண்டு. அதை முடித்துவிட்டு மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேரப் பாருங்கள். வெளியே போகத் தயார் என்றால் புனே டெக்கான் கல்லூரி. மத்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் ஒரு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. 2020இல் அதற்கான தகுதிப் பட்டியலில் செம்மொழிகள் வரிசையில் தமிழ் விடுபட்டு, இங்கே எதிர்ப்பு கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். அதனால் எந்த அறிவிப்பு வந்தாலும் தகுதிப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி இரண்டிலும் தொல்லியல் பணியிடங்கள் வரும், ஆனால் வருடாவருடம் வராது, வந்தாலும் கொஞ்சம்தான். நடுவில் ஒப்பந்த வேலைதான். ஒரு இடத்தில் எனக்கு மூன்று மாதச் சம்பளம் வந்து சேர அரை வருடம் ஆனது. அருங்காட்சியகம், கல்லூரி என்று வேறு வாசல்களும் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தொல்லியல் தனிப்பாடமாகவே இருக்கிறது. பி.எட்.டும் மோசமான யோசனை இல்லை. பள்ளிக்கூட வேலையில் இருந்துகொண்டே ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு கண்டுபிடித்தவர்கள் இங்கே நிறைய.

அறிவியல்? பொருள்களைப் பாதுகாக்கும் வேதியியல் பக்கம் போவதென்றால் அது வேண்டும். மற்றபடி பயப்படாதீர்கள். கீழடிக்குக் கி.மு. 580 என்று காலம் கிடைத்தது அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில். ஆனால் அப்படிக் காலம் கணிக்க அனுப்புகிற கரித்துண்டை விரல் படாமல் கரண்டியால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, ஆழம் எழுதி வைக்க ஒரு ஆள் குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் வரலாறு படித்தவராகவும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் உங்களுக்குக் கல்வெட்டுதான். சோழநாட்டில் பிறந்துவிட்டு அதை விடுவானேன்? தாளில் ஒற்றிப் படியெடுத்தும் இன்னும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்றினால் வெள்ளை எழுத்து எழும்பி வரும். முதல் தடவை எனக்குத் தாள் கிழிந்தது, இரண்டாவது தடவை மை ஊறிப்போனது. அதற்கெல்லாம் துறை அனுமதி வேண்டும், பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு உங்கள் பக்கத்துச் சோழர் கோயில் ஒன்றின் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடிப்பீடத்தில், கல்வெட்டின் தொடக்கச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ எங்கே வருகிறது என்று தேடுங்கள். அச்சான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள்.

போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிலம் கொடுத்த கணக்கு வருகிற இடத்தில் நீங்கள் திணறுவீர்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று பழைய நில அளவுகளை அவர்தான் உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறார்.