ஒரு கப் பீனட் பட்டர் எத்தனை கிராம்?

கேள்வி: குக்கீ செய்முறை ஒன்றில் முக்கால் கப் பீனட் பட்டர் சேர்க்கச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது தராசு மட்டும்தான். ஒரு கப் என்பது 240 கிராம் என்று ஓரிடத்தில் பார்த்தேன், இன்னோர் இடத்தில் 258, வேறோர் இடத்தில் 270. எதைத்தான் நம்புவது? பாதாம், முந்திரி பட்டருக்கும் இதே கணக்குதானா?

பதில்: 258ஐ வைத்துக்கொள்ளுங்கள். 240 என்பது பெரும்பாலும் கப்பின் கொள்ளளவான 240 மில்லியை அப்படியே கிராமாக எழுதிவிடுவதால் வருகிறது. அது தண்ணீருக்குத்தான் பொருந்தும், பீனட் பட்டர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது. 270 பக்கத்தில் சொல்பவர்களையும் தப்பு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி, அந்தப் பெரிய கப்பில் அளந்தால் 270ஐத் தாண்டும். ஆகவே செய்முறை எந்த நாட்டுக்காரருடையது என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதைவிடச் சுலபமான வழி, ஒரு டேபிள்ஸ்பூன் 16 கிராம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது. பல பாட்டில்களின் லேபிளிலேயே 2 டேபிள்ஸ்பூன், 32 கிராம் என்று போட்டிருக்கும். ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன் என்பதால் உங்கள் முக்கால் கப் 12 டேபிள்ஸ்பூன், அதாவது 192 கிராம். 190 போட்டாலும் 195 போட்டாலும் குக்கீக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆஸ்திரேலியச் செய்முறையில் மட்டும் கவனம், அங்கே டேபிள்ஸ்பூன் 20 மில்லி, நாம் சொல்லும் 15 இல்லை.

பாதாம், முந்திரி பட்டருக்கும் இதே 16 கிராம் கணக்கு போதும். எள்ளில் செய்கிற தஹினி ஒரு கிராம் குறையும், அவ்வளவுதான். பொடியாக விற்கும் பீனட் பட்டருக்கு மட்டும் இது சுத்தமாகப் பொருந்தாது, பொடி ரொம்ப லேசு.

தராசு இருக்கும்போது கப்பைத் தேடவே வேண்டாம் என்பேன். பாட்டிலைத் திறந்து அப்படியே தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள், அப்புறம் ஸ்பூனால் எடுத்து எடுத்து மாவுக் கிண்ணத்தில் போடுங்கள், தராசு மைனஸ் 50, மைனஸ் 120 என்று காட்டிக்கொண்டே போகும், மைனஸ் 192 வந்ததும் நிறுத்திவிடலாம். கழுவ வேண்டியது அந்த ஒரு ஸ்பூன்தான். ஒன்றே ஒன்று, மேலே எண்ணெய் மிதந்தால் அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். கலக்காமல் எடுத்தால் எடை சரியாகவே இருக்கும், ஆனால் முதலில் எண்ணெயாகவும் கடைசியில் வறண்ட கட்டியாகவும் வரும், குக்கீயின் பதம் அதிலேயே கெட்டுவிடும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. தராசு கிடையாது, செய்முறையில் 100 கிராம் பாதாம் பட்டர் என்று இருக்கிறது. கப்பில் அளந்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்கிறது.

பதில்: 6 டேபிள்ஸ்பூன், அதோடு ஒரு டீஸ்பூன், 100 கிராம் வந்துவிடும். அளவு ஸ்பூனின் உள்ளே துளி எண்ணெய் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு விழும். நடுவில் காற்று தங்காதபடி அழுத்தி நிரப்பி, மேலே கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் பட்டர் குவிந்து நிற்கக்கூடிய பொருள், குவியலாக எடுத்தால் ஒரு ஸ்பூன் என்று நினைத்து ஒன்றரை, இரண்டு ஸ்பூன்கூடப் போட்டுவிடுவோம். சாப்பிடுகிற ஸ்பூனை இதற்கு எடுக்காதீர்கள், அதன் அளவு வீட்டுக்கு வீடு மாறும்.